மை லார்ட், ஒன்றும் புரியவில்லை!

கோர்ட் இங்கிலீஷ் வழக்காட வந்தவரை மட்டுமல்ல, சில சமயம் நீதிபதியையே திணற அடிக்கிறது. ஆனாலும் அதன் ராஜ்யம் தொடர்கிறது.

வழக்கு என்னவோ சாதாரணமானதுதான். வீட்டுக்காரருக்கும் குடியிருப்பவருக்கும் தகராறு. இமாசலப் பிரதேச உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி, விவகாரம் 2017 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. நீதிபதிகள் மதன் லோகுரும் தீபக் குப்தாவும் தீர்ப்பைப் புரட்டினார்கள். வாக்கியங்கள் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்று பிடிபடவில்லை. கடைசியில், புரியவில்லை என்ற ஒரே காரணத்துக்காக அதை ரத்து செய்து, மறுபடியும் எழுதும்படி ஷிம்லாவுக்கே திருப்பி அனுப்பினார்கள். இதற்கு அர்த்தம் சொல்ல ஓர் ஆங்கிலப் பேராசிரியரைத்தான் அமர்த்த வேண்டும் என்று வக்கீல் ஒருவர் கோர்ட்டிலேயே வேடிக்கையாகச் சொன்னார்.

அத்தோடு முடியவில்லை. 2021 மார்ச்சில் அதே உயர் நீதிமன்றத்திலிருந்து இன்னொரு தீர்ப்பு. இம்முறை பிரச்னை ஒரு வங்கி ஊழியரின் வேலை. படித்து முடித்தபின் தலைவலித் தைலம் தடவிக்கொள்ள வேண்டியதாயிற்று என்றார் நீதிபதி எம்.ஆர். ஷா. அந்த வழக்கில் 2022 ஆகஸ்டில் நீதிபதிகள் டி.ஒய். சந்திரசூட்டும் ஏ.எஸ். போபண்ணாவும், தீர்ப்பு எழுதுவது எப்படி என்று நாட்டின் நீதிபதிகளுக்கெல்லாம் பாடமே எடுக்க வேண்டி வந்தது. பத்திகளுக்கு எண் கொடுங்கள். நீளமான தீர்ப்பானால் உள்ளடக்கம் சேருங்கள். வழக்குப் போட்டவருக்குப் புரிகிற மாதிரி எழுதுங்கள்.

இத்தனை வருடம் சட்டம் படித்தவர்களுக்கே இந்தக் கதி என்றால், அந்தத் தீர்ப்பால் வீட்டையோ வேலையையோ இழக்கப்போகிறவரின் கதி என்ன? பெரும்பாலான இந்தியர்களுக்கு உயர் நீதிமன்றத்தில் தங்கள் வழக்கு நடப்பது, கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் யாரோ தங்களைப் பற்றிப் பேசிக்கொள்வது போலத்தான். உதடு அசைவது தெரிகிறது. விஷயம் விளங்குவதில்லை.

மூன்று அடுக்கு மொழி

இந்தியக் கோர்ட் மொழி ஒரே நாளில் வந்ததல்ல. அடியில் கிடப்பது பாரசீகமும் அரபியும். முகலாயர் காலத்து நிர்வாக மொழியாகிய பாரசீகத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனியும் பல காலம் கைவிடவில்லை. 1837-ல்தான் அதன் கட்டாயம் சட்டப்படி நீக்கப்பட்டது. ஆனால் சொற்கள் போகவில்லை. தமிழ்நாட்டுக் கிராமத்தில் எழுதப் படிக்கத் தெரியாதவர்கூட ‘வாய்தா’ என்கிறார், ‘ஜாமீன்’ என்கிறார், ‘வக்காலத்து’, ‘தாவா’, ‘ஜப்தி’, ‘அமீனா’, ‘ஆஜர்’, ‘ராஜி’ என்கிறார். அத்தனையும் அந்தப் பக்கத்துச் சரக்கு. யாரும் அந்நியமாக நினைப்பதில்லை.

அதற்கு மேல் இங்கிலீஷ். 1726-ல் சென்னை, பம்பாய், கல்கத்தாவில் மேயர் கோர்ட்டுகள் வந்தன. 1801-ல் சென்னைக்கு ஒரு சுப்ரீம் கோர்ட். 1862-ல் மூன்று நகரங்களிலும் உயர் நீதிமன்றங்கள். அதே ஆண்டு ஜனவரி முதல் மெக்காலே வரைந்த இந்தியத் தண்டனைச் சட்டமும் அமலுக்கு வந்தது. ‘ஸ்டே’, ‘அப்பீல்’, ‘பெட்டிஷன்’, ‘அஃபிடவிட்’ எல்லாம் அந்த வழி வந்தவை.

உச்சியில் லத்தீன். ஹேபியஸ் கார்ப்பஸ், மாண்டமஸ், செர்ஷியோரரி, கோ வாரண்டோ என்று அரசியல் சட்டத்தின் 32-ஆவது ஷரத்திலேயே அது உட்கார்ந்திருக்கிறது. எக்ஸ்பார்ட்டி, பிரைமா ஃபேஸி, சூ மோட்டோ, லோகஸ் ஸ்டாண்டை, ரெஸ் ஜூடிகேட்டா என்று வக்கீல்கள் மூச்சுக்கு மூச்சு உதிர்ப்பதும் அதுதான்.

இங்கிலாந்தில் இந்தக் கலவைக்கு ஒரு சரித்திரக் காரணம் உண்டு. 1066-ல் நார்மன்கள் வென்றபின் அங்கே கோர்ட்டில் பிரெஞ்சு பேசப்பட்டது, ஆவணங்கள் லத்தீனில் எழுதப்பட்டன, ஜனங்கள் பேசியது ஆங்கிலம். எந்த மொழிக்காரருக்கும் சந்தேகம் வராதிருக்க ஒரே பொருளுக்கு இரண்டு சொற்களைச் சேர்த்து எழுதும் வழக்கமும் வேரூன்றியது. ‘நல் அண்ட் வாய்ட்’, ‘வில் அண்ட் டெஸ்டமென்ட்’ போன்ற இரட்டைச் சொற்கள் இன்றும் நொய்டாவிலும் நாகப்பட்டினத்திலும் டைப் அடிக்கப்படுகின்றன.

தெரிந்த சொல், தெரியாத அர்த்தம்

லத்தீன் என்றால் புரியாது என்பதாவது கேட்பவருக்குத் தெரியும். ஆபத்து அதிகம் இருப்பது தெரிந்தது போலத் தோன்றும் சொற்களில்தான்.

‘லீவ்’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். உச்ச நீதிமன்றத்தில் 136-ஆவது ஷரத்தின் கீழ் வரும் மனுவுக்கு ‘ஸ்பெஷல் லீவ் பெட்டிஷன்’ என்று பெயர். இங்கே லீவ் என்றால் அனுமதி. அப்பீல் செய்ய அனுமதி கொடுத்தால் ‘லீவ் கிராண்டட்’ என்று நீதிபதிகள் எழுதுவார்கள். கணினி மொழிபெயர்ப்பை வைத்துச் சோதித்தபோது இந்தியில் அது ‘விடுமுறை ஏற்கப்பட்டது’ என்று வந்த கதையை நீதித்துறையினரே சொல்லிச் சிரித்திருக்கிறார்கள்.

‘பிரேயர்’ என்றால் பிரார்த்தனை அல்ல. மனுவில் இன்னது வேண்டும் என்று கேட்கும் பகுதி. கேட்டது கிடைத்தால் அது ‘ரிலீஃப்’. அதற்குச் சட்டத் தமிழில் ‘பரிகாரம்’ என்கிறார்கள். ஜோசியர் சொல்லும் பரிகாரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ‘எக்ஸிக்யூஷன்’ என்றதும் தூக்குத் தண்டனை ஞாபகத்துக்கு வரலாம். சிவில் கோர்ட்டில் அது தீர்ப்பை நிறைவேற்றித் தரச் சொல்லும் மனு. பணம் வர வேண்டும் என்றோ நிலத்தை ஒப்படைக்க வேண்டும் என்றோ டிகிரி வாங்கினால் மட்டும் போதாது. 12 வருடத்துக்குள் ‘ஈ.பி.’ போட வேண்டும். தெரியாமல் விட்டவர்களுக்கு, ஜெயித்த வழக்கின் டிகிரி வெறும் காகிதம்.

‘இன் கேமரா’வும் அப்படித்தான். பாலியல் பலாத்கார வழக்கு ‘இன் கேமரா’ நடக்கும் என்றதும், படம் பிடிக்கப்போகிறார்கள் என்று பாதிக்கப்பட்ட பெண் மிரண்டால் அவரைக் குற்றம் சொல்ல முடியாது. நிஜத்தில் விஷயம் நேர்எதிர். லத்தீனில் கேமரா என்றால் அறை. வெளியாட்களை அனுப்பிவிட்டு மூடிய அறைக்குள் விசாரிக்க வேண்டும் என்பதே பொருள். அந்தப் பெண்ணுக்குப் பாதுகாப்பாக வைத்த ஏற்பாட்டுக்கு, அவரையே பயமுறுத்தும் பெயர்.

இவற்றுள் அதிகம் பேரைக் கவிழ்ப்பது ‘எக்ஸ்பார்ட்டி’. சம்மன் வந்தும் ஆஜராகாவிட்டால் எதிர்த்தரப்பை மட்டும் கேட்டுத் தீர்ப்பளிக்கலாம். அதை நீக்கக் கோர 30 நாள்தான் அவகாசம். சம்மன் ஒழுங்காகச் சேரவில்லை என்றால் மட்டும் விஷயம் தெரிந்த நாளிலிருந்து கணக்கு. வந்த காகிதம் என்னவென்று புரியாமல் அதைப் பரணில் செருகி வைத்தவருக்கு, அமீனா வாசலில் வந்து நிற்கும்போதுதான் எக்ஸ்பார்ட்டி என்ற சொல்லின் அர்த்தம் தெரிகிறது.

கைது எந்த மொழியில்?

சொத்து போனால் சம்பாதிக்கலாம். சுதந்திரம்? காரணம் சொல்லாமல் யாரையும் கைது செய்து வைத்திருக்கக் கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 22-ஆவது ஷரத்து. எந்த மொழியில் சொல்ல வேண்டும் என்று அதில் இல்லை. அந்த இடைவெளியை நிரப்ப உச்ச நீதிமன்றத்துக்கு அறுபது வருடத்துக்கு மேல் பிடித்தது.

1962-ல் மகாராஷ்டிரத்திலிருந்து ஒரு வழக்கு. தடுப்புக் காவலில் வைக்கப்பட்டவரிடம் காரணங்களை இங்கிலீஷில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். தனக்கு இங்கிலீஷ் தெரியாது, இந்தியில் கொடுங்கள் என்று அவர் கேட்டார். அரசு மறுத்தது. போலீஸ் அதிகாரி வாயால் மொழிபெயர்த்துச் சொல்லிவிட்டார், அரசு மொழி இங்கிலீஷ்தானே என்றது. உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அந்த ஆளுக்குத் தெரிந்த மொழியில், அவர் படிக்கக்கூடிய எழுத்தில் தராவிட்டால் காரணத்தைத் தெரிவித்ததாகவே ஆகாது என்று சொல்லி அவரை விடுவித்தது.

1980-களின் தொடக்கத்தில் குஜராத்தி மட்டுமே தெரிந்த ஒருவரின் வழக்கு. இன்ஸ்பெக்டர் குஜராத்தியில் விளக்கிச் சொன்னதாகப் பிரமாணப் பத்திரம் தாக்கலானது. வாயால் சொன்னது போதாது, எழுத்தில் மொழிபெயர்ப்பு தர வேண்டும் என்று மீண்டும் சொல்லி, காவலை ரத்து செய்தது கோர்ட். தமிழ்நாட்டில் குண்டர் சட்டத்தின் கீழ் போடப்பட்ட எத்தனையோ காவல் உத்தரவுகள், ஆவணத்தின் தமிழாக்கம் தரப்படவில்லை, அல்லது தப்பும் தவறுமாகத் தரப்பட்டது என்ற காரணத்தால் சென்னை உயர் நீதிமன்றத்தில் விழுந்திருக்கின்றன.

ஆனால் இவையெல்லாம் தடுப்புக் காவலுக்கு. சாதாரணக் கைதுக்கு? 2023 அக்டோபரில், அமலாக்கத் துறை கைதுக்கான காரணத்தைப் படித்துக் காட்டினால் போதாது, எழுத்தில் தர வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். 2025 நவம்பரில் அது எல்லாக் குற்றங்களுக்கும் விரிந்தது. கைதானவருக்குப் புரியும் மொழியில் காரணத்தை எழுதித் தர வேண்டும். அந்த நிமிடம் முடியாவிட்டால் வாயால் சொல்லலாம். ஆனால் ரிமாண்டுக்காக மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவதற்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்பாவது எழுத்து வடிவம் கைக்குச் சேர வேண்டும். இல்லையென்றால் கைதே சட்ட விரோதம். மொழி என்பது மரியாதைக்காகச் செய்யும் சலுகை என்ற நிலை மாறி, அதில் தவறினால் ஜெயில் கதவு திறக்கும் என்ற கட்டத்துக்கு விஷயம் வந்திருக்கிறது.

அகராதி தேடும் எஃப்.ஐ.ஆர்.

புரியாத மொழிக்கு இங்கிலீஷ்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. தலைநகர் தில்லியில் போலீஸ் ஸ்டேஷன்களின் நோய் வேறு. அங்கே எஃப்.ஐ.ஆரில் உருதும் பாரசீகமும் வழிந்தன. தெருவில் பையைப் பறிகொடுத்தவர் பேச்சு இந்தியில் சொன்னதை, எழுத்தர் நூறு வருடத்துப் பழைய நடையில் எழுதிக் கையெழுத்து வாங்குவார். தான் சொன்னதுதான் அதில் இருக்கிறதா என்று புகார் கொடுத்தவருக்கே தெரியாது.

இதை எதிர்த்து ஒரு பொதுநல மனு வந்தபோது, 2019-ல் தில்லி உயர் நீதிமன்றம் போலீஸைக் கண்டித்தது. எஃப்.ஐ.ஆர். புகார்தாரரின் சொந்த வார்த்தைகளில் இருக்க வேண்டும். அகராதியைத் தேட வைக்கும் அலங்காரச் சொற்கள் கூடாது. தவிர்க்க வேண்டிய 383 சொற்களின் பட்டியலைப் போலீஸ் ஸ்டேஷன்களுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று.

தமிழும் சளைத்ததல்ல. பழைய கிரயப் பத்திரத்தைப் பிரித்தால் ‘தானாதி விநியோக விக்கிரயங்களுக்கு யோக்கியமாய்’ என்று ஓடும். செர்ஷியோரரிக்கு அதிகாரபூர்வத் தமிழ் ‘நெறிமுறை உறுத்தும் நீதிப்பேராணை’. லத்தீனைத் தமிழாக்கினாலும் சாமானியன் அதே இடத்தில்தான் நிற்கிறான். மாறாக, தினசரிப் பத்திரிகைகள் அவசரத்தில் எழுதியும் பரப்பியும் நிலைத்த சொற்களைப் பாருங்கள்: ஆட்கொணர்வு மனு, முன்ஜாமீன், பொதுநல வழக்கு, மரண வாக்குமூலம், பிறழ் சாட்சி. டீக்கடையில் பேப்பர் படிப்பவருக்கு இவற்றை யாரும் விளக்க வேண்டியதில்லை. ‘முன்ஜாமீன்’ பாதி தமிழ், பாதி அரபி. அதனால் அதன் வேலை கெட்டுப்போகவில்லை.

348-ன் பூட்டு

இங்கிலீஷின் இடத்தை உறுதி செய்வது அரசியல் சட்டத்தின் 348-ஆவது ஷரத்து. நாடாளுமன்றம் வேறு ஏற்பாடு செய்யும்வரை உச்ச நீதிமன்றத்திலும் உயர் நீதிமன்றங்களிலும் நடவடிக்கை இங்கிலீஷில்தான். ஜனாதிபதியின் முன் ஒப்புதலுடன் ஒரு மாநில ஆளுநர் தன் மாநில உயர் நீதிமன்றத்தில் வேறு மொழியை அனுமதிக்கலாம். ராஜஸ்தான் 1950-லும், உத்தரப் பிரதேசம் 1969-லும், மத்தியப் பிரதேசம் 1971-லும், பீகார் 1972-லும் இப்படி இந்திக்கு வழி செய்துகொண்டன. வேறு எந்த மொழிக்கும் இந்த வாய்ப்புக் கிட்டவில்லை.

காரணம், 1965-ல் மத்திய அமைச்சரவைக் குழு எடுத்த முடிவு. இத்தகைய கோரிக்கை வந்தால் இந்தியத் தலைமை நீதிபதியின் கருத்தைக் கேட்க வேண்டும் என்றது அது. தமிழ்நாடு சட்டமன்றம் 2006-ல் தீர்மானம் போட்டது. 2010 ஜூனில் மதுரையில் வக்கீல்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். தமிழ்நாடு, குஜராத், சத்தீஸ்கர், மேற்கு வங்கம், கர்நாடகம் ஆகியவற்றின் கோரிக்கைகளை உச்ச நீதிமன்ற நீதிபதிகள் முழுவதும் கூடி ஆராய்ந்து 2012 அக்டோபரில் நிராகரித்தார்கள்.

எதிர்ப்பவர்கள் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. உயர் நீதிமன்ற நீதிபதிகள் மாநிலம் விட்டு மாநிலம் மாற்றப்படுகிறார்கள். தலைமை நீதிபதி பெரும்பாலும் வெளிமாநிலத்தவர். கவுஹாத்தியில் சொன்ன தீர்ப்பைக் கொச்சியில் மேற்கோள் காட்ட ஒரு பொது மொழி வேண்டும். உச்ச நீதிமன்றத்தில் இந்தியைக் கட்டாயமாக்குவது சாத்தியமில்லை என்று 2008-ல் அறிக்கை தந்த சட்டக் கமிஷனின் தலைவர், நீதிபதி ஏ.ஆர். லட்சுமணன், ஒரு தமிழர்.

பொது மொழி இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு 1970-ல் ஒரு காட்சி அரங்கேறியது. சோஷலிஸ்ட் தலைவர் மது லிமாயி தொடர்பான ஆட்கொணர்வு வழக்கு. இடையில் நுழைந்த ராஜ் நாராயண் இந்தியில்தான் வாதாடுவேன் என்று பிடிவாதம் பிடித்தார். எதிரே இருந்த வக்கீல்களுக்கு அது விளங்கவில்லை. இங்கிலீஷில் பேசுங்கள், அல்லது உங்கள் வக்கீலைப் பேசவிடுங்கள், அல்லது எழுதி இங்கிலீஷில் கொடுங்கள் என்று மூன்று வழி காட்டினார்கள் நீதிபதிகள். மூன்றையும் அவர் மறுக்கவே, அவருடைய தலையீட்டு மனுவை ரத்து செய்தார்கள். ஐந்து வருடம் கழித்து அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் இந்திரா காந்தியின் தேர்தலைச் செல்லாததாக்கியது இதே ராஜ் நாராயணின் வழக்குதான்.

பிரபுக்கள் போகவில்லை

சொல்லில் ஒட்டிக்கொண்டிருக்கும் அடிமைத்தனத்துக்கு வக்கீல்களே சாட்சி. ‘மை லார்ட்’, ‘யுவர் லார்ட்ஷிப்’ எல்லாம் காலனிக் காலத்து மிச்சம், இனி ‘யுவர் ஆனர்’ என்றோ ‘ஹானரபிள் கோர்ட்’ என்றோ அழைத்தால் போதும் என்று அகில இந்திய பார் கவுன்சில் 2006-லேயே விதி செய்தது. 2009-ல் சென்னையில் நீதிபதி கே. சந்துரு தன் கோர்ட்டில் ‘மை லார்ட்’ வேண்டாம் என்றார். அப்படி அழைப்பது கட்டாயமில்லை என்று 2014-ல் உச்ச நீதிமன்றமும் சொன்னது. 2019-ல் ராஜஸ்தான் உயர் நீதிமன்ற நீதிபதிகள் கூடித் தீர்மானமே போட்டார்கள்.

பலன்? 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில் ஒரு மூத்த வக்கீல் ‘மை லார்ட்ஸ்’ மழை பொழிய, நீதிபதி பி.எஸ். நரசிம்மா பொறுமை இழந்தார். அதை நிறுத்தினால் என் சம்பளத்தில் பாதியைத் தருகிறேன் என்றார். கட்சிக்காரரின் தலையெழுத்து பெஞ்சில் இருப்பவர் கையில் என்னும்போது, மரியாதை குறைந்துவிடுமோ என்று ‘சார்’ சொல்லிப் பார்க்க எந்த வக்கீல் துணிவார்?

ஒரு சொல்லின் விலை

சொல் வெறும் சம்பிரதாயமாக நின்றுவிடுவதில்லை. 2010 அக்டோபரில், மணமாகாமல் சேர்ந்து வாழும் பெண்ணுக்கு ஜீவனாம்சம் உண்டா என்ற வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ‘கீப்’ என்ற சொல்லைப் பயன்படுத்தியது. அப்போது கூடுதல் சொலிசிட்டர் ஜெனரலாக இருந்த இந்திரா ஜெய்சிங் கோர்ட்டிலேயே ஆட்சேபித்தார். பெண்ணை வைத்துக்கொள்ளும் பொருளாகப் பேசும் வார்த்தை, அவளுக்கு உரிமை இல்லை என்ற முடிவை வாதமே இல்லாமல் சொல்லிவிடுகிறது என்பதே பெண்கள் அமைப்புகளின் கோபம். 13 வருடம் கழித்து, 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வெளியிட்ட கையேடு ‘கீப்’பைத் தள்ளுபடி செய்தது. ‘ஈவ் டீசிங்’ போய் ‘தெருவில் பாலியல் தொல்லை’ வந்தது. ‘ஹவுஸ் ஒய்ஃப்’ ‘ஹோம் மேக்கர்’ ஆனார்.

சில சொற்றொடர்கள் உயிரையே எடை போடுகின்றன. 1980-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன ‘அரிதினும் அரிதான வழக்கு’ என்ற தொடரை எந்தச் சட்டப் பிரிவிலும் காண முடியாது. ஆனால் அன்று முதல் தூக்கா, ஆயுளா என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். எது அரிது என்பதில் ஒரு நீதிபதிக்கும் இன்னொருவருக்கும் ஒத்துப்போவதில்லை. 1992-ல் மண்டல் தீர்ப்பின் ‘கிரீமி லேயர்’ அப்படித்தான் லட்சக்கணக்கான குடும்பங்களின் வருமானச் சான்றிதழுக்குள் நுழைந்தது. நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் 1977-ல் எழுதிய ‘ஜெயில் அல்ல, பெயில்’ என்பது இன்றும் ஜாமீன் மனுக்களில் எல்லாம் இடம்பெறுகிறது. அகராதியை விரட்டும் இங்கிலீஷ் எழுதியவர் என்று பெயரெடுத்த அவர்தான், திஹார் ஜெயில் கைதி ஒருவர் எழுதிய கடிதத்தையே மனுவாக ஏற்று 1979-ல் தீர்ப்பளித்தார். அந்தக் கடிதத்துக்கு ‘பிரேயர்’ என்ற தலைப்புத் தேவைப்படவில்லை.

சீமையில் போனது, இங்கே இருக்கிறது

வேடிக்கை என்னவென்றால், இந்தச் சரக்கை ஏற்றுமதி செய்த இங்கிலாந்தே கடையை மாற்றிவிட்டது. நீதிபதி வுல்ஃப் பிரபு செய்த சிபாரிசின்படி 1999 ஏப்ரலில் அங்கே சிவில் வழக்குகளுக்குப் புது விதிகள் வந்தன. ‘பிளெயின்டிஃப்’ போய் ‘கிளைமன்ட்’ ஆனார். ‘ரிட்’ என்பது ‘கிளைம் ஃபார்ம்’ ஆயிற்று. ‘இன் கேமரா’வுக்குப் பதில் ‘இன் பிரைவேட்’. அதனால் அங்கே நீதி கெட்டுவிட்டதாக யாரும் புகார் சொல்லவில்லை.

இந்தியாவில் மாற்றம் வேறு திசையில் வந்தது. 2024 ஜூலை 1 முதல் மெக்காலேயின் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. ஏமாற்றுக்காரனுக்குத் தமிழன் வைத்த பெயரான ‘நானூத்தி இருபது’ இப்போது 318(4). கொலைக்கான 302 இன்று 103. ஊரடங்கச் செய்யும் 144 இனி 163. இந்தி தெரியாதவர்கள் வாயில் நுழையாத தலைப்புகள் என்று தமிழ்நாட்டில் எதிர்ப்பு எழுந்தது. பெயர் சமஸ்கிருதமானாலும், 348-இன்படி சட்டத்தின் அதிகாரபூர்வ வாசகம் இன்னும் இங்கிலீஷ்தான்.

உருப்படியான அடி ஒன்று 2019 ஜூலையில் எடுத்து வைக்கப்பட்டது. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் இந்திய மொழிகளில் வெளியாகத் தொடங்கின. தமிழும் அதில் சேர்ந்தது. அதே ஆண்டு நவம்பரில் ‘சுவாஸ்’ என்ற மொழிபெயர்ப்பு மென்பொருள் அறிமுகமானது. ஆனால் ஒவ்வொரு மொழிபெயர்ப்பிலும் ஓர் எச்சரிக்கை ஒட்டப்பட்டிருக்கிறது: இது வழக்காடியவர் தன் மொழியில் புரிந்துகொள்வதற்கு மட்டும், மற்ற எல்லாவற்றுக்கும் இங்கிலீஷ் மூலமே செல்லும்.

இங்கிலீஷை ஒரே நாளில் வெளியேற்ற முடியாது. பலர் அதை விரும்பவும் இல்லை. அதற்குள் செய்யக்கூடியவை உண்டு. சம்மனோடு மாநில மொழியில் ஒரு பக்க விளக்கம் சேர்க்கலாம். தீர்ப்பின் முடிவில், யார் என்ன செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள், அப்பீல் உண்டா என்று நான்கு வரி எழுதலாம். இவற்றுக்கு அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டியதில்லை.

உயர் நீதிமன்ற வராந்தாவில் வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் கறுப்புக் கோட்டுக்காரரைத் துரத்திக்கொண்டு ஓடும் காட்சி எந்த ஊரிலும் சகஜம். அவர் கேட்பதும் ஒன்றுதான்: “ஜெயிச்சமா, தோத்தமா, அதைச் சொல்லுங்க.” பல சமயம் கிடைக்கும் பதில், “டிஸ்போஸ்டு ஆஃப்.” வழக்கு கோர்ட்டின் கணக்கில் முடிந்தது என்று அதற்குப் பொருள். அவர் ஜெயித்தாரா என்பதற்கு அதில் பதில் இல்லை. சான்றிட்ட நகலுக்கு மனுப் போட்டு, அது கைக்கு வந்து, யாராவது படித்துச் சொல்லும்வரை அவர் காத்திருக்க வேண்டியதுதான்.